முதலில் எந்தப் படம்

அமலோற்பவத்தின் கையில் இருந்தது பதினாலாம் நம்பர் டோக்கன். உள்ளே போயிருப்பது ஒன்பது. நடுவில் நாலு பேர், ஆளுக்குப் பத்து நிமிஷம் என்று வைத்தாலும் முக்கால் மணி நேரம் ஓடிவிடும், அதற்குள் இந்தப் பட்டியலுக்கு ஒரு முடிவு கட்டிவிடலாம் என்று மடியில் கிடந்த நோட்டைத் திறந்தாள். பதினோரு நாளாக அவளுக்கு வாய் அந்த நோட்டுதான். குரல்நாணில் மிளகு அளவுக்கு வளர்ந்திருந்த முடிச்சை எடுத்த பிறகு, மூச்சு விடுவதைத் தவிர தொண்டைக்குப் பத்து நாள் வேறு வேலை கொடுக்கக் கூடாது, குசுகுசுவென்று ரகசியம் பேசுவதுகூடக் கூடாது, அது சத்தமாகப் பேசுவதைவிடக் கெடுதல் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் 'ரசத்தில் பெருங்காயம் போடவில்லையா', 'ரெஜினா ஹாஸ்டலுக்குப் போன் பண்ணினீங்களா', 'பால்காரரிடம் நாளைக்கு ஒரு பாக்கெட் போதும்' என்று ரசம், மகள், பால் என வீட்டுப் பேச்செல்லாம் பேனாவால் எழுதிக் கிடந்தது. புரட்டிப் பார்த்தால், ஒரு புருஷனும் பெண்டாட்டியும் இவ்வளவு சப்பையாகவா பேசிக்கொள்கிறோம் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. கடைசிப் பக்கம் மட்டும் சப்பை இல்லை. ஆடு, யானை, நிழல், காக்கா, கோழி என்று ஐந்து பெயர். ஐந்தும் ஏழெட்டு நிமிஷம் ஓடுகிற பழைய கார்ட்டூன் படங்கள். ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டு, அடித்து, மேலேயே வேறு நம்பர் போட்டு, அதையும் அடித்து, அந்தப் பக்கமே கோழி கிளறிய குப்பைமேடு மாதிரி ஆகியிருந்தது. கார்ட்டூனே பார்த்திராத ஓர் ஆளுக்கு எதை முதலில் காட்டுவது என்பதுதான் கேள்வி. அந்த ஆள் இரண்டு நாற்காலி தள்ளி, சுவரில் ஒட்டியிருந்த காதின் படத்தை உற்றுப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

இஞ்ஞாசிமுத்து அவள் புருஷன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம், அதில் பத்தொன்பது வருஷம் அவள் சாலிகிராமத்து டப்பிங் ஸ்டுடியோக்களில் கார்ட்டூனுக்குக் குரல் கொடுத்திருக்கிறாள், ஒன்றையாவது இந்த மனுஷன் உட்கார்ந்து பார்த்ததுண்டா? கிடையாது. டிவியில் போட்டால், ஒரே கத்தலா இருக்கு என்று எழுந்து போய்விடுவார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை, அவருக்குக் காதுதான் சோறு போடுகிறது. தண்ணீர் வாரியத்தில் கசிவு பார்க்கிற வேலை. விடிகிற நேரத்தில் நீளமான இரும்புக் கம்பியைத் தரைக்கடியில் ஓடும் குழாய்மேல் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார், எந்த இடத்தில் குழாய் ஒழுகுகிறது என்று ஓர் அடிகூடப் பிசகாமல் சொல்வார். அப்படி ஊர்க் குழாய்க்கெல்லாம் காதைக் கொடுத்த மனுஷன் வீட்டுக்காரியின் குரலுக்கு ஒரு நாளும் காதைக் கொடுக்கவில்லை என்பது அவளுக்குப் பழைய வருத்தம், பழையதாகி, வருத்தம் என்பதே மறந்துபோன வருத்தம். இந்தப் பத்து நாளில்தான் அது கிளம்பிவிட்டது. அவள் வாயை மூடிக்கொண்டதும் வீட்டில் பேசுகிற பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. முதல் நாள் வால்வு பழுதான கதை, இரண்டாம் நாள் வேறொரு வால்வு பழுதான கதை, அதோடு சரக்கு தீர்ந்துபோயிற்று. மூன்றாம் நாள் சாப்பிட்டுக் கை கழுவி வந்தவர் சும்மா கேட்கிற மாதிரி கேட்டார், நீ குரல் குடுத்த படத்துல நாலஞ்சு பாக்கலாம்னு இருக்கேன், ஒண்ணுமே தெரியாதவன் எதுல ஆரம்பிக்கணும், எழுதித் தாயேன் என்று. அவளுக்கு ஓவென்று அழவேண்டும்போல இருந்தது, அழுதால் சத்தம் வருமே என்று அடக்கிக்கொண்டாள். பத்தொன்பது வருஷம் கழித்துக் கேட்கிறாரே என்று ஆத்திரம், கேட்டாரே என்று சந்தோஷம், இரண்டும் சேர, நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். பத்தாம் நம்பர் உள்ளே போனது.

ஆடுதான் முதலில் என்றுதான் அப்போது எழுதினாள். புதிதாகப் பார்ப்பவருக்கு ஆட்டைவிடச் சுலபமான படம் கிடையாது. ஒரு சின்ன ரயில் நிலையம், ஒரு கரடி நிலைய அதிகாரி, ஒரு பசித்த வெள்ளாடு. ஆடு டிக்கெட்டைத் தின்கிறது, பச்சைக் கொடியைத் தின்கிறது, கடைசியில் கரடியின் விசிலை விழுங்கிவிடுகிறது, அதற்குப் பிறகு அது விக்கும்போதெல்லாம் வயிற்றுக்குள் விசில் ஊத, வண்டி கிளம்பிக் கிளம்பி நிற்கிறது. கோழியைத் தவிர இந்தப் படங்களில் பேச்சே கிடையாது, வெறும் முனகலும் இளைப்பும்தான், அவற்றை வாங்கிய டிவிக்காரர்கள் தமிழ்க் குரல் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றதால் இவளுக்கு வேலை வந்தது. வசனம் இல்லாத இடத்தில் வருகிற அந்த மூச்சு, விக்கல், திடுக்கிடல் எல்லாவற்றுக்கும் ஸ்டுடியோவில் ரியாக்‌ஷன் என்று பேர். வசனம் யார் வேண்டுமானாலும் பேசலாம், ரியாக்‌ஷனுக்கு அமலாக்காவைக் கூப்பிடு என்பார்கள். யானைப் படம் முழுக்க ரியாக்‌ஷன்தான். ஊஞ்சலில் தூங்கப் பார்க்கிற யானை, அதன் காதுக்குள் பாட்டு கற்றுக்கொள்கிற கொசு, இரண்டும் இவளே. யானைக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு பெருமூச்சு, கொசுவுக்கு மூக்கு நுனியிலிருந்து ஓர் இழுப்பு. அதை இரண்டாவதாக வைக்கலாம். முதலில் வைத்தால் காது கூசும், எழுந்து போய்விடுவார். நிழல் படம் எல்லாவற்றுக்கும் பழையது, கறுப்பு வெள்ளை. ஓர் ஆபீஸ் குமாஸ்தாவின் நிழல் ஒரு நாள் காலையில் படுக்கையை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று வேலைநிறுத்தம் செய்கிறது, குமாஸ்தா நிழல் இல்லாமல் தெருவில் போக வெட்கப்பட்டு ஒவ்வொரு மரமாக ஒளிந்து ஒளிந்து ஆபீஸ் போகிறான். அழகான படம்தான், ஆனால் புதியவரை அதில் உட்கார வைத்தால் ஓடியே போவார், கொஞ்சம் பழகின பிறகு காட்ட வேண்டியது. காக்கா படத்தில் சோளக்கொல்லைப் பொம்மையின் தொப்பி, சட்டை எல்லாவற்றையும் காக்காய்கள் உருவிக்கொண்டு போகின்றன, பனி கொட்டும்போது மனசு கேட்காமல் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொண்டுவந்து போர்த்துகின்றன. அதைப் பார்த்தால் சிரிப்பாரா, கண்ணைத் துடைப்பாரா? அவரா, துடைக்கவா? தூசி விழுந்துவிட்டது என்பார். இப்படி யோசித்துக்கொண்டே வந்தவளுக்குத் தொண்டைக்குள் ஏதோ அசைவது தெரிந்தது. கொசுவின் இழுப்பை நினைத்தவுடன் தொண்டை கொசுவுக்குத் தயாராகிவிட்டது. சனியனே சும்மா இரு என்று கழுத்தைக் கையால் பொத்திக்கொண்டாள். எதிரில் இருந்த அம்மாள், வலிக்கிறது என்று நினைத்து உச்சுக்கொட்டினாள்.

வலி இல்லை, பயம். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பயம். பேசாதே, முணுமுணுக்காதே, கனைக்காதே, வாய் கொப்பளிக்கும்போது தொண்டையில் உருட்டாதே என்று டாக்டர் எல்லாம் சொன்னார், கார்ட்டூன் பார்க்காதே என்று அவருக்கு ஏன் சொல்லத் தோன்றப்போகிறது? உலகத்தில் வேறு எந்த நோயாளிக்கும் அதைச் சொல்ல அவசியமில்லை. ஞாயிறு பூசைக்குப் போய் வந்து, கறிக்குழம்பு சாப்பிட்டு, ஏழாம் நாள் மத்தியானம், இஞ்ஞாசி போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்துப் பாயில் உட்கார்ந்தார், இவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள், ஆடு ஓட ஆரம்பித்தது. திரையில் ஆடு தலையைத் தூக்கியதும் இவள் தலையும் தூக்கிற்று. அது டிக்கெட்டை மென்றபோது இவள் தாடை மென்றது. வாய் மூடித்தான் இருந்தது, சத்தியமாக மூடித்தான் இருந்தது, உள்ளே மட்டும் பத்தொன்பது வருஷப் பழக்கம் மைக் முன்னால் நின்றுகொண்டிருந்தது. விசிலை விழுங்குகிற இடம் வந்தது. ஆடு விக்க வேண்டும், விக்கியாக வேண்டும், அந்த ஒரு நொடியில் இவள் தொண்டையிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம் கிளம்பி வெளியே வந்துவிட்டது. அதே நொடியில் இஞ்ஞாசி வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து இவள் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது, பாயில் கையை ஊன்றிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். பார்த்தீர்களா, நம் ஆடு அவரைச் சிரிக்க வைத்துவிட்டது என்று பூரிக்கவா, அறுத்த இடம் பிய்ந்துபோயிற்றோ என்று பதறவா, இவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அவர் சிரிப்பில் அந்தச் சத்தம் அமுங்கியிருக்கும், கேட்டிருக்காது, நல்லவேளை. படம் முடிவதற்குள் அவர் போனை எடுத்து அணைத்து, மிச்சத்த அப்புறம் பாப்போம் என்று எழுந்து போனார். அதோடு சரி. திங்கட்கிழமை இவள் நோட்டில் 'யானை பார்க்கலாமா' என்று எழுதிக் காட்டினாள், போனில் சார்ஜ் இல்லை என்றார். செவ்வாய் தலைவலி. புதன் போனையே காணோம், ஆபீசில் வைத்துவிட்டேன் என்றார். இவளுக்குப் புரிந்துபோயிற்று. ஒரு தடவை மரியாதைக்குச் சிரித்தார், அவ்வளவுதான், மனுஷனுக்குப் பிடிக்கவில்லை. பன்னிரண்டு உள்ளே போயிற்று, பதினொன்று எப்போது போனது என்று இவள் கவனிக்கவில்லை.

அந்தக் கீச்சு என்ன செய்திருக்கும்? கார்ட்டூனில் என்றால் கவலையே இல்லை. கரடிமேல் ரயில் ஏறி அப்பளமாக நசுங்கும், அடுத்த படத்தில் தூசியைத் தட்டிக்கொண்டு கொடி காட்டும். இத்தனை வருஷத்தில் எத்தனை முறை விழுந்து, எத்தனை முறை வெடித்து, எத்தனை முறை எழுந்திருக்கிறாள்! மலையிலிருந்து விழுகிற நரிக்கு முப்பது நொடி நீளக் கத்தலை ஒரே மூச்சில் கொடுத்து, வெளியே வந்து டீ குடித்திருக்கிறாள். விழுந்ததெல்லாம் நரி, கத்தியதெல்லாம் இந்தத் தொண்டை, கணக்கு அங்கேதான் சேர்ந்திருக்கிறது, மிளகு மிளகாக. இப்போது உள்ளே குழாயை விட்டுப் பார்த்து டாக்டர் உதட்டைப் பிதுக்கினால்? இனிமேல் குரல் இப்படித்தான் என்றால்? ஸ்டுடியோவில் புதுசாக ஒரு பெண் வந்திருக்கிறாளாம், இவள் குரல் கொடுத்துவந்த அணிலுக்கு அவளை வைத்து டெஸ்ட் எடுத்தார்களாம், நல்ல பெண்தான், இவளே இரண்டு தடவை மூச்சு பிடிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள், அந்தப் பெண்மேல் கோபம் வரவில்லை, வரவில்லையே என்றுதான் பயமாக இருந்தது. அணில் போனால் போகட்டும். வீட்டில் அவரை ஏங்க என்று கூப்பிட ஒரு குரல் வேண்டாமா? நோட்டில் ஏங்க என்று எழுதிக் காட்டுவதற்குள் அவர் தெருமுனை போய்விடுகிறார். போகட்டும், பட்டியலைப் பார். ஐந்தாவது கோழி. கோழியை ஐந்தாவதாக வைத்ததற்குக் காரணம் அது மோசம் என்பதில்லை, சொல்லப்போனால் ஐந்திலும் அதுதான்... ஒரு கோழி வைக்கோலில் கிடக்கும் அலாரம் கடிகாரத்தை முட்டை என்று நினைத்து அடைகாக்கிறது. டிக் டிக் என்று உள்ளே உயிர் துடிக்கிறதே, முட்டை இல்லாமல் வேறு என்ன? மற்றக் கோழிகளின் குஞ்சுகள் பொரித்து ஓடுகின்றன, இதன் முட்டை டிக் டிக்கோடு நிற்கிறது. ஒரு நாள் அந்த டிக் டிக்கும் நின்றுவிடுகிறது. கோழி காதை வைத்துப் பார்க்கிறது, ஒன்றுமில்லை. அதற்கும் எழுந்திருக்காமல், சத்தம் இல்லாத அந்தப் பொருளோடு அது பேச ஆரம்பிக்கிறது, குளிருதா, இரு, கிட்ட வரேன் என்று. இழுத்து அணைக்கும்போது சாவி தானாகத் திரும்பி, அலாரம் அடித்து, ஊரே எழுந்துகொள்கிறது. அந்த ரீல் எடுத்த அன்றைக்கு ஏழாவது மணி நேரம், அலுப்பில் கோழிக்குரல் போட மறந்து, வீட்டில் பேசுவது போலவே பேசிவிட்டாள். பேசி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்த சவுண்ட் என்ஜினியர், ரீடேக் வேணாம்மா, இதுவே இருக்கட்டும் என்றார். வேஷம் போடாத தன் குரல் வெளியே எங்காவது இருக்கிறது என்றால் அந்த ஒரு படத்தில்தான். அதை அவருக்குக் காட்ட ஏனோ கூச்சமாக இருந்தது, அதனால்தான் கடைசி. நர்ஸ் எட்டிப் பார்த்து, பதினாலு என்றாள்.

டாக்டர் இளவயதுக்காரர், எதையும் சிரித்துக்கொண்டே கேட்கிற ரகம். “பத்து நாளும் மௌன விரதம் ஒழுங்கா இருந்தீங்களாம்மா? சின்னச் சத்தம்கூட வரலையே?” என்றார்.

அமலோற்பவம் இல்லை என்று தலையை ஆட்டினாள். ஆட்டியபோதே காது சுட்டது.

“ஒரு தடவ வந்துச்சு டாக்டர்,” என்றார் பின்னால் நின்றிருந்த இஞ்ஞாசி. “ஞாயித்துக்கெழம மத்தியானம். தப்பு எம்மேலதான். படம் போட்டது நாந்தான்.”

“என்ன படம்?”

“ஆடு விசில முழுங்குற கார்ட்டூன். இவதான் அதுல ஆடு.” டாக்டர் நிமிர்ந்து இவளை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். இஞ்ஞாசி விடவில்லை. “படம் பாத்தா இவ தொண்ட சும்மா இருக்காதுன்னு எனக்குத் தெரியாது டாக்டர். நான் எங்க ஆட்டப் பாத்தேன், இவளத்தான் பாத்துட்டு இருந்தேன். மூஞ்சி பூரா ஓடுது, கழுத்து ஏறி எறங்குது, எனக்குச் சிரிப்ப அடக்க முடியல. அதுக்குள்ள கீச்சுன்னு ஒண்ணு வந்துடுச்சு. மறுநாளே போன எடுத்துட்டுப் போயி ஆபீஸ் பீரோவுல வெச்சுப் பூட்டிட்டேன், மறுபடி இவ எதையாவது பாத்துத் தொலச்சிருவாளோன்னு. ஆனா அது ஒடஞ்ச சத்தம் இல்ல டாக்டர். பைப்பு ஒடஞ்சா ஒரு மாதிரி கேக்கும், வாஷர் காஞ்சிருந்தா ஒரு மாதிரி கேக்கும். இது வாஷர்.”

“அதையும் பாத்துடுவோம்,” என்றார் டாக்டர்.

நாக்கைத் துணியால் பிடித்து வெளியே இழுத்துக் குழாயை உள்ளே விட்டார். பக்கத்துத் திரையில் படம் வந்தது. ஈரமாக, இளஞ்சிவப்பாக ஒரு குகை, நடுவில் இரண்டு வெள்ளைக் கோடுகள். திரையைப் பார்த்து, உதடு அசையும்போது குரல் கொடுப்பது அவளுக்குக் கைவந்த வேலை. இதுவரை எத்தனையோ மிருகங்களைப் பார்த்துக் கொடுத்தாயிற்று, தன்னையே பார்த்துக் கொடுப்பது இதுதான் முதல் தடவை. ஆட்டைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாரா, போனைப் பூட்டி வைத்தாரா, மூன்று நாளாக அந்தத் தலைவலி, அந்தச் சார்ஜ், எல்லாம் அதற்குத்தானா? ஈ சொல்லுங்க என்று டாக்டர் சொன்னது காதில் விழவே அரை நொடி ஆயிற்று. கோடுகள் நெருங்கின, தொட்டன. ஈ என்று வந்தது. கட்டையாக, ஓரம் உரசிக்கொண்டு, ஜலதோஷம் பிடித்தவள் குரல் போல வந்தது, ஆனால் வந்தது. கண்ணில் தண்ணீர் வந்ததற்கு நாக்கை இழுத்ததுதான் காரணம் என்று டாக்டர் நினைத்திருக்கலாம்.

“நல்லா ஆறியிருக்கும்மா. ஓரத்துல லேசா செவப்பு, அது சரியாயிடும். பேச்சுக்குரல் மெதுவா வந்துடும்.” குழாயைக் கழற்றிவிட்டுக் கொஞ்சம் நிதானித்தார். “ஆடு, கீச்சு, இதெல்லாம் மூணு மாசம் தொடக் கூடாது. அப்புறமும் அந்த உச்சிக் கொரல் வருமான்னு இப்ப சத்தியம் பண்ண முடியாது. இன்னிக்குப் பத்து வார்த்த, நாளைக்கு இருபது. ஈ கணக்குல வராது.”

வெளியே வந்து மருந்துச்சீட்டைக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்றார்கள். ஆடு போய்விட்டதோ? போயிருந்தாலும் போயிருக்கும், டாக்டர் பொய் சொல்லவில்லை. கொசுவும் அதோடு சேர்ந்து போகும், அணில் ஏற்கெனவே பாதி வழியில் நிற்கிறது. பட்டியலில் அவளுக்கென்று மிச்சம் நிற்பது ஒன்றே ஒன்று. நோட்டைத் திறக்காமல் அவர் பக்கம் திரும்பினாள். பதினோரு நாளாகச் சேர்த்து வைத்திருந்த பேச்சு எவ்வளவோ இருந்தது, வாயைத் திறந்ததும் வந்தது இதுதான்.

“மொதல்ல கோழி.”

இஞ்ஞாசி கண்ணை மூடிக்கொண்டார், குழாய்மேல் கம்பி வைத்துக் கேட்கும்போது மூடுவாரே, அப்படி. பிறகு திறந்து, “கடிகாரத்த அடைகாக்குற கோழிதானே? அதப் பாத்துட்டேன்,” என்றார்.

“எப்போ?”

“ஆபரேஷன் அன்னிக்கு. நீ உள்ள இருந்தப்ப. ரெஜினாகிட்டப் போன் பண்ணி, அம்மா சாதாரணமா பேசற மாதிரி எதுனா இருக்கான்னு கேட்டேன், அனுப்பிச்சா.” அவர் டிரம்மின் குழாயைப் பார்த்தார், அது சொட்டிக்கொண்டிருந்தது, இறுக்கி மூடினார். “மூணு தடவ பாத்தேன். ஒருவேள உனக்குக் கொரல் வராமப் போச்சுன்னா... சும்மா பாத்தேன்.”

“அப்புறம் எதுக்கு லிஸ்ட் கேட்டீங்க?”

“அது ஒண்ணுதானே பாத்தேன். நல்லாருந்துச்சு. மிச்சத்தையும் பாக்க வேணாமா?”

அமலோற்பவம் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். ஏழு வார்த்தை ஆகியிருந்தது, இன்னும் மூன்று இருந்தது. அதை வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டு, நோட்டைத் திறந்து, கோழிக்கு நேராக ஒரு டிக் போட்டாள்.